வ 12, இ 0



செத்தவளின் எடை ஐம்பத்தொரு கிலோ. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உருப்படியாக எழுதியிருந்த ஒரே விஷயம் அதுதான் என்றாள் அண்ணி.

“உயிரோட இருந்தப்ப?” என்றான் வால்.

“அப்பவும் அதேதான். உயிருக்கு எடை கிடையாது. அதனாலதான் இவ்வளவு மலிவா போகுது.”

இருவரும் பட்டறைத் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். காலை பதினொன்றரை. மூன்று மணிக்கு சக்கரம் நேர்பார்க்கும், அதாவது வீல் அலைன்மென்ட் செய்யும், ‘நூல்’ என்கிற மெக்கானிக்கை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால், கவனக்குறைவால் ஒரு பெண்ணைக் கொன்றவர் என்று உள்ளே போவார். வெளியே வர மாதக்கணக்காகும். அவர் மனைவி, ஒரு தையல்காரி, நேற்று அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகிறவர்களை வால் சமாளிப்பான். அழாதவர்களைக் கண்டால் அவனுக்குப் பயம்.

வாலுக்கு வயது நாற்பத்து மூன்று. அண்ணிக்குக் கொழுந்தன். ஆட்களைப் பின்தொடர்வது அவன் வேலை என்பதால் அந்தப் பெயர் வந்ததாக அவன் சொல்லிக்கொள்வான். தொழிலுக்கு வருவதற்கு முப்பது வருடம் முன்பே அந்தப் பெயர் இருந்தது என்று குடும்பம் சொல்லும். அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் விபத்துக் கோப்புகளைப் படித்தவள். யாராவது ‘கடவுள் செயல்’ என்று எழுதியிருந்தால் ஓரத்தில் ‘எந்தக் கடவுள்? எத்தனை மணிக்கு?’ என்று குறிப்பு போடுவாள். அதற்காகவே விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் கம்பெனியுடையது.

“கதையை இன்னொரு தடவை சொல்லு,” என்றாள் அண்ணி.

“யாரோட கதையை? செம்மலோடதா, போலீஸோடதா?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

செம்மல் என்பது செத்தவளின் கணவர். முழுப் பட்டம் ‘எடைகுறைப்புச் செம்மல்’. தாமே வழங்கி, தாமே மேடையேறி, தாமே பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டது. நடந்தே இளைக்கலாம் என்று வகுப்பு எடுக்கிறார். அவர் சுவரொட்டி இந்தத் தெருவிலேயே நான்கு இடத்தில் இருந்தது. வெள்ளை உடை, வெள்ளைச் சால்வை, மார்பில் கை. ‘நூற்றுப் பன்னிரண்டிலிருந்து எழுபத்திரண்டு! நாற்பது கிலோ பொய்யை உதறினேன்!’ கீழே சிறிய எழுத்தில்: ‘பத்தாண்டுகளாக ஸ்டீயரிங்கைத் தொடாத கரங்கள்.’

“அந்த மின்சாரக் கார் சம்சாரத்தோடதாம்,” என்றான் வால். “அந்தம்மாவேதான் இங்க கொண்டுவந்து சக்கரம் நேர்பார்த்தாங்களாம். மறுநாள் காலைல ஆறு மணிக்குத் தனியா ஓட்டிட்டுப் போனாங்களாம். பாலத்து வளைவுல வண்டி இடது பக்கம் இழுத்து, கைப்பிடிச் சுவர்ல மோதிடுச்சாம். செம்மல் அப்ப வீட்டுல தியானத்துல இருந்தாராம்.”

“மோதினது எந்தப் பக்கம்?”

“இடது. அந்தப் பக்கம் அப்பளமா நொறுங்கியிருக்கு.”

“அவ கிடந்தது?”

“வலது சீட்டுல. ஸ்டீயரிங் முன்னாடி.”

“வலது பக்கம் கண்ணாடிகூட உடையல. அங்க உக்காந்தவளுக்கு இடது விலா அஞ்சு முறிஞ்சிருக்கு. போலீஸ் நிபுணர் இதுக்கு என்ன சொன்னார்?”

“ஜடத்துவம்னார்.”

“அவர் தன்னைப் பத்திச் சொல்லியிருப்பார்,” என்றாள் அண்ணி.

பட்டறைக் கதவைத் தையல்காரி திறந்துவிட்டாள். ஒற்றை வண்டி நிற்கும் கொட்டகை, ஓரத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. வண்டி ஏறும் மேடையின் சரிவில் இரண்டு நீளமான பலகைகள் கிடந்தன.

“இது எதுக்கும்மா?”

“குனிஞ்ச வண்டிக்கு,” என்றாள் தையல்காரி. “ஸ்பிரிங்கை மாத்திக் கீழ இறக்கிடுறாங்க இல்ல, தரையை நக்கிட்டு வரும். அதுலயும் மின்சார வண்டின்னா அடிவயித்துல முழுக்க பேட்டரி. மத்த பட்டறைல மேடையேத்தினா வயிறு தட்டும்னு தொடவே மாட்டாங்க. இவர்தான் பலகை போட்டுப் பதமா ஏத்துவார்.”

“காரை எதுக்கு இறக்கணும்?” என்றான் வால். “அடக்கம் வரவா?”

“டயர் உள்பக்கமா தேஞ்சு மாசாமாசம் மாத்துறதுக்கு,” என்றாள் அவள். சிரிக்கவில்லை. “இறக்கினா சக்கரம் உள்ள சாஞ்சுக்கும். அதை நேர்பண்ணத்தான் இவர்கிட்ட வருவாங்க. லேசர் மெஷின் காட்டுறதை நம்ப மாட்டார். முடிச்சதும் பழையபடி டயரோரமா நூல் கட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புவார். அதான் நூல்னு பேரு. தப்புப் பண்ணியிருக்க மாட்டார்மா.”

“அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“ரெண்டு நிமிஷம் பாக்க விட்டாங்க. ‘நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்’னார். அவ்வளவுதான். நேத்துப் பிடிச்சுட்டுப் போனதுலேர்ந்து வேற வார்த்தையே இல்ல. அதையே ஒப்புதல் வாக்குமூலம்னு எழுதிக்கிட்டாங்க.”

“எதைக் கேட்டிருக்கணும்?”

“தெரியல. பேசறதுல அவர் கஞ்சன்.”

அண்ணி வேலைச்சீட்டுப் புத்தகத்தைக் கேட்டாள். அசலைப் போலீஸ் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அடியில் கார்பன் நகல் இருந்தது. மெஷின் தரும் அச்சுத்தாளை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அது காரில் இல்லை. ஆகவே ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப இருந்தது, கையால் எழுதிய இந்த ஒரே வரி:

வ 12. இ 0.

“‘வலது சக்கரம் பன்னிரண்டு, இடது சக்கரம் பூஜ்யம்,’” என்று வால் பத்திரிகைக் குரலில் வாசித்தான். “‘சக்கரங்கள் ஒன்றோடொன்று முரண்பட்ட நிலை’, நிபுணர் பேட்டி. பன்னிரண்டு என்ன அண்ணி? டிகிரியா, முழமா?”

“அவரும் சொல்லல. பன்னிரண்டு டிகிரின்னா வண்டி பாலம் வரைக்கும் போயிருக்காது. நண்டு மாதிரி இந்தத் தெருவையே குறுக்க அளந்திருக்கும்.”

“பன்னிரண்டு லேசா விழுந்திருக்கு. பூஜ்யம் மட்டும் ரெண்டு தடவை சுழிச்ச மாதிரி கறுப்பா இருக்கு பாருங்க. ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு மரியாதையா?”

வால் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தான். வாசலில் கயிற்று மிதியடி. அதில் ஒழுங்காகக் காலைத் துடைத்தான், அம்மா வளர்ப்பு. உள்ளே மேசைக்கு மேலே ஒரு பெரிய வட்டக் கடிகாரம்.

“ஒத்தை முள்ளு கடிகாரம். நின்னுபோச்சு போல,” என்றபடி அவன் ஓரடி முன்னே வைத்ததும், எழுபத்தொன்றில் நின்ற முள் விறுவிறுவென்று கீழிறங்கிப் பூஜ்யத்துக்குப் போயிற்று.

வால் பின்னால் வந்து மிதியடியில் நின்றான். எழுபத்தொன்று. இறங்கினான். பூஜ்யம்.

“அது கடிகாரம் இல்லண்ணே,” என்றாள் தையல்காரி. “தராசு. மிதியடிக்குக் கீழ தட்டு பதிச்சிருக்கு. பழைய கிடங்குல வாங்கினது. எத்தனை கிலோன்னு கேட்டா யாரும் நிஜம் சொல்ல மாட்டேங்கறாங்க. ஆம்பளைங்கதான் ரொம்ப மோசம். அதான் உள்ள வரப்பவே தெரியாம நிறுத்துடுவார்.”

“சக்கரம் பாக்குறவருக்கு ஆள் எடை எதுக்கு?” அண்ணியின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

தையல்காரி மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினாள். காக்கி கித்தான் மூட்டைகள், வரிசையாக, கைப்பிடி வைத்துத் தைத்தவை.

“வெறும் வண்டிய நேர்பாத்தா ஆள் ஏறினதும் மாறிடும்னு சொல்வார். குனிஞ்ச வண்டிக்கு அது ரொம்ப முக்கியமாம். அதனால ஓட்டுறவர் எடைக்கு மணல் மூட்டைய ஓட்டுற சீட்டுல வெச்சுட்டுத்தான் வேலையே தொடங்குவார். நான்தான் தைச்சேன். மூட்டைக்கு எட்டு கிலோ.”

அண்ணி கார்பன் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

“வலது பன்னிரண்டு,” என்றாள் அண்ணி மெதுவாக. “வலது சக்கரம் இல்ல. வலது சீட்டு. பன்னிரண்டு மூட்டை.”

வால் விரல்விட்டு எண்ணினான். “தொண்ணூத்தாறு கிலோ! அந்தம்மா அம்பத்தொண்ணு. ஆறு மூட்டைக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அப்ப வண்டிய ஓட்டினது…” சட்டென்று முகம் விழுந்தது. “ஆனா அண்ணி, செம்மல் எழுபத்திரண்டு. ஒம்பது மூட்டைதான். அவரும் இல்லையே.”

“எழுபத்திரண்டுன்னு யார் சொன்னா?”

“ஊரெல்லாம் ஒட்டியிருக்கு.”

“சுவரொட்டிய யாராவது தராசுல வெச்சுப் பாத்தாங்களா?”

அண்ணி மிதியடியைத் தூக்கினாள். அடியில் இருந்த இரும்புத் தட்டைப் பார்த்தாள். மறுபடி சமமாகப் போட்டு ஓரத்தை நீவிவிட்டாள். இவ்வளவு அக்கறையாக அவள் படுக்கை விரித்துக்கூட வால் பார்த்ததில்லை.

“மணி பன்னிரண்டு,” என்றாள். “செம்மல் இங்க வரணும். இன்ஸ்பெக்டரும் வரணும். இந்தப் பட்டறைக்குக் காலே வெச்சதில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கார். கூப்பிட்டா வர மாட்டார். வரமாதிரி கூப்பிடு.”

வால் தொண்டையைக் கனைத்தான். முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்த குரல் அவனுடையது. தாமதத்தைக்கூட வரம்போல் அறிவிப்பவன்.

“செம்மல் அய்யாங்களா? வணக்கம். வார இதழ்லேர்ந்து பேசறோம். அட்டைப்படத்துக்கு ஒரு யோசனை. ‘மனைவியைப் பறித்த பட்டறையில் மன்னிப்பு வழங்கும் மாமனிதர்’. அந்த மெக்கானிக் சம்சாரம் உங்க கால்ல விழறாங்க, நீங்க தூக்கி விடறீங்க… இன்ஸ்பெக்டர் அய்யாவும் படத்துல இருந்தா நல்லாருக்கும்… ஒன்றரை மணிக்கா? உங்க பெருந்தன்மை.”

போனை வைத்துவிட்டுத் தையல்காரியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். “மன்னிச்சுக்கங்கம்மா. விழவேண்டாம்.”

“விழுந்தாதான் அவர் வெளிய வருவார்னா விழறேன்,” என்றாள் அவள்.

ஒன்றரைக்கு எல்லோரும் வந்தார்கள். செம்மலின் வாடகை வண்டி தெருமுனையிலேயே நின்றது. மீதி நூறடியை அவர் நடந்தே வந்தார். படமெடுக்க வால் பிடித்து வந்திருந்தவன் கல்யாண போட்டோகிராபர். அவன் பழக்கதோஷத்தில், “சார், கொஞ்சம் சிரிங்க,” என்றான். செம்மல் சிரித்தும்விட்டார். பிறகு நினைவு வந்து சோகத்தை மாட்டிக்கொண்டார். வெயிலிலும் அந்த வெள்ளைச் சால்வையைக் கழுத்தோடு சுற்றிப் போர்த்தியிருந்தார்.

“படத்தை உள்ள அறையில எடுத்துக்கலாம்,” என்றாள் அண்ணி. “வேலைச்சீட்டு எழுதின மேசை அங்கதான்.”

வால் மேசையோரம் போய் முள்ளுக்கு எதிரே நின்றுகொண்டான்.

முதலில் இன்ஸ்பெக்டர். மிதியடியில் இரண்டு பூட்ஸையும் தேய்த்தார். எண்பத்தெட்டு. பின்னாலேயே நிபுணர், கோப்புகளோடு. ஐம்பத்தொன்பது, அதில் அறிவின் எடை எவ்வளவு என்று முள் சொல்லவில்லை. பிறகு போட்டோகிராபர், கேமராப் பையோடு எண்பது.

செம்மல் வாசலில் நின்றார். நிலைச்சட்டத்தை ஒரு கையால் பிடித்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வாய்க்கால் தாண்டுவதுபோல், மிதியடிக்கு மேலாக ஒரே எட்டில் உள்ளே வந்தார்.

முள் அசையவில்லை.

“அய்யா,” என்றாள் அண்ணி, மிகுந்த பணிவோடு. “காலைத் துடைச்சுட்டு வாங்களேன். வெளிய ஒரே கிரீஸ். வெள்ளை வேட்டி வேற.”

செம்மலின் முகம் சிவந்தது. “துக்கத்துல இருக்கிறவனை எடை பாக்குற நேரமாம்மா இது?”

போட்டோகிராபர் ஒரு படம் எடுத்தான்.

“எந்த எடை?” என்றார் இன்ஸ்பெக்டர்.

செம்மல் மேடைப் பேச்சாளர் அல்லவா, உடனே சமாளித்தார். “அது… ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆளை எடை போடறதுன்னு சொல்றதில்லையா? ஒரு மனுஷனோட துக்கத்தை எடை போடாதீங்கன்னு…”

“ஆளை எடை ‘போடுவாங்க’ அய்யா,” என்றாள் அண்ணி. “எடை ‘பாக்குறது’ தராசுலதான். தமிழ்ல மேடை மேடையா பேசறவருக்கு நான் சொல்லணுமா?”

அவள் குனிந்து மிதியடியை இழுத்தாள். இரும்புத் தட்டு வெயிலில் பளிச்சென்றது. இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார், சுவரில் இருந்த முள்ளைப் பார்த்தார், தம் தொப்பையைப் பார்த்தார்.

“இங்க வந்த எல்லாரும் இதை மிதிச்சுத்தான் வந்தோம்,” என்றாள் அண்ணி. “நீங்க உள்பட, இன்ஸ்பெக்டர் சார். ஏன்னா இது என்னன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சவர் ஒருத்தர்தான் தாண்டினார். இந்தத் தெருவுக்கே வந்ததில்லைன்னு எழுதிக் கொடுத்தவர். அன்னிக்கு நூல் இவர் கண் முன்னாடி பன்னிரண்டு மூட்டைய எடுத்து ஓட்டுற சீட்டுல அடுக்கியிருக்கார். எழுபத்திரண்டுன்னு உலகத்தையே நம்ப வெச்சவர் சும்மா இருந்திருப்பாரா? ‘என்னய்யா இவ்வளவு மூட்டை’ன்னு சண்டை போட்டிருப்பார். நூல் பேச மாட்டார். மிதியடியைத் தூக்கிக் காட்டியிருப்பார். அய்யா, இதுல ஏறுங்க. எழுபத்திரண்டு காட்டினா அந்தம்மாவுக்குப் பதிலா நான் உங்க கால்ல விழறேன்.”

செம்மல் ஏறவில்லை.

“அப்ப சால்வையையாவது எடுங்க. மூணு நாளா இந்தப் புழுக்கத்துல கழுத்தோட போத்திட்டிருக்கீங்க.”

அதையும் அவர் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர்தான் எடுத்தார். எண்பத்தெட்டு கிலோவும் செம்மலிடம் காட்டிய பணிவிலிருந்து வேறு எதற்கோ மாறிவிட்டிருந்தது. செம்மலின் சட்டைப் பொத்தான்கள் இரண்டு தெறித்தன. வலது தோளிலிருந்து மார்பின் குறுக்கே இடது பக்கமாக, நாலு விரல் அகலத்தில், கருநீலமாக ஒரு பட்டை.

“வலது சீட்டு பெல்ட்,” என்றாள் அண்ணி. “ஓட்டுறவருக்குத்தான் அந்தத் தோள்ல விழும்.”

“ஜடத்துவத்தின்படி…” என்று தொடங்கினார் நிபுணர்.

“நீங்க வாயை மூடுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

செம்மல் பின்வாங்கினார். வாசலில் இருந்த அந்தத் தட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். வால் நிமிர்ந்து பார்த்தான். முள் சுற்றிக்கொண்டு போய்த் தொண்ணூற்றாறில் நின்றது. அதற்கு யாருடைய பட்டமும் தெரியாது.

“வண்டி இழுக்கல,” என்றார் செம்மல். மேடைக் குரல் போய்விட்டிருந்தது. “நல்லா நேராத்தான் போச்சு. வளைவுல நான்தான் வேகமா… அவ மெதுவா போங்கன்னா. எப்பவும் அதையே சொல்வா.”

“அப்புறம் அவ இடத்தை மாத்தினீங்க,” என்றாள் அண்ணி.

“என் பேர் இருக்கு… ஆயிரக்கணக்கான பேர் என்னை நம்பி நடக்கறாங்க…”

“அப்ப உயிர் இருந்துச்சா?”

அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். “கண்ணைத் திறந்து பாத்தா. வலிக்குதுன்னா. யாராவது வந்துடுவாங்கன்னு நெனச்சேன். கதவைச் சாத்திட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டேன்.”

முதலில் அந்தப் பாலத்துக்கு வந்தவன் ஒரு பால் வண்டிக்காரன். ஆறு நாற்பதுக்கு. அவன் வந்தபோதும் கை சூடாகத்தான் இருந்தது என்று சொல்லியிருந்தான். பாலத்திலிருந்து செம்மல் வீடு நாலு மைல். சுவரொட்டி மனிதர் வாழ்க்கையில் நிஜமாக நடந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று ஒரு வாசகம் வாலின் நாக்கு நுனி வரை வந்தது. அவன் அதை விழுங்கினான். தையல்காரி வாசலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அழுதாள். யாருக்காக என்று சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நின்றவர் வேறு ஆள். நாலரைக்கு நூல் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், நகக்கண்ணில் கறுப்பு. அண்ணியை நோக்கிக் கையைக் கூப்பினார். மனைவி தோளைத் தொட்டதும் அப்படியே காவல் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்,” என்றார்.

“அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சேண்ணே,” என்றான் வால். “உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு ஆயிடுச்சு. யார்கிட்ட என்ன கேட்டிருக்கணும்?”

நூல் சொற்களை மூட்டை மூட்டையாகத் தூக்கி வைப்பவர்போலப் பேசினார்.

“மூட்டை வைக்கிறப்ப எல்லார்கிட்டயும் ரெண்டு கேள்வி கேப்பேன். ஓட்டுறது யாரு. பக்கத்துல உக்கார்றது யாரு. பக்கத்து சீட்டுக்கும் மூட்டை வெக்கணும் இல்ல? அவர்கிட்டயும் கேட்டேன். ‘பக்கத்துல யாருமில்ல’ன்னார்.”

“சரி?”

“அந்தம்மா வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. அவர்கூட வந்தவங்க. அவர் சொன்னது காதுல விழுந்துச்சு. என்னைப் பாத்து லேசா சிரிச்சாங்க.” அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார். “நான் இடதுக்குப் பூஜ்யம்னு எழுதிட்டேன். இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும். அவங்களைக் கேட்டிருக்கணும்.”

“அதனால வண்டி இழுத்திருக்குமா?” என்றாள் அண்ணி.

“மயிரிழைகூட இழுக்காது.”

“அப்புறம் என்ன?”

மனைவி அவரைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிப்போனாள்.

வால் தன் கக்கத்தில் இருந்த வேலைச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தான். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டிருந்தான். கார்பன் நகலில் பன்னிரண்டு மங்கலாகத்தான் விழுந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பூஜ்யம் மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றி, தாள் கிழிகிற அளவுக்கு அழுந்தியிருந்தது. எழுதுகிறபோதே கை ஒருமுறை நின்று, நிமிர்ந்து, வாசலைப் பார்த்திருக்கிறது.

“ஏதாவது சொல்லேன்,” என்றாள் அண்ணி. “எப்பவும் ஏதாவது சொல்வியே.”

வால் புத்தகத்தை மூடினான்.